மூணு பை நாலு

பெறுநர்: ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் எழுதும் மாண்புமிகு குழுவினர்
பொருள்: பின்னத்தால் எங்கள் வீட்டில் ஏற்பட்ட பிளவு தொடர்பாக

ஐயா,

நான் மளிகைக்கடை வைத்திருப்பவன். பள்ளி விட்டு வந்ததும் என் மகள்தான் சாமான் நிறுப்பாள். போன வாரம் ஒரு அம்மா முக்கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார். அரைக் கிலோ கல்லையும் கால் கிலோ கல்லையும் தராசில் வைத்து நிறுத்தாள், காசு வாங்கினாள், மீதி கொடுத்தாள். அன்று ராத்திரி அவள் வீட்டுப்பாட நோட்டில் பார்க்கிறேன்: 1/2 + 1/4 = 2/6. அரையோடு காலைச் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகும் அதிசயத்தை எங்கள் கடையில் எலிதான் செய்து வந்தது.

கேட்டால், "அது கடை, இது கணக்குப்பா" என்கிறாள். இந்தத் தெளிவை ஊட்டியதற்கு நன்றி.

புத்தகத்தை நானும் புரட்டினேன். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தொகுதிப் பங்கீடு தேர்தலுக்குத் தேர்தல்தான் வரும் என்று நினைத்திருந்தேன். 5/4 தகா பின்னமாம். அது என்ன தகாத காரியம் செய்ததோ? ஒன்றேகால் கிலோ வெல்லம் கேட்டு வருகிறவர்கள் கௌரவமானவர்களாகத்தான் இருக்கிறார்கள். வேற்றினப் பின்னங்கள் ஓரினமாக மாறிய பிறகுதான் கூட முடியுமாம். பெயர் வைக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் யாரிடமாவது கலந்து பேசினீர்களா?

என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. 16-ல் ஒன்று மாகாணி, 8-ல் ஒன்று அரைக்கால். காலில் அரை, அதனால் அரைக்கால். பெருக்கல் சொல்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. (கூடவே பிரம்படியும் விழுந்தது. அதை நான் திரும்பக் கேட்கவில்லை.) அவருடைய பேரனின் பிள்ளைக்கு அரைக்கால் என்பது "ஒண்ணு பை எட்டு". எங்கள் கடையில் பை என்றால் சாமான் போடுவது.

அடுத்து வகுத்தல். பின்னத்தால் வகுக்க, தலைகீழாக்கிப் பெருக்கு என்கிறது புத்தகம். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று கிலோ சீனியைக் கொட்டி, கால் கிலோ பொட்டலமாகக் கட்டச் சொன்னேன். பன்னிரண்டு வந்தது.

"வகுத்தா குறையணுமேப்பா?" என்றாள், சணல் நூலைப் பல்லில் கடித்தபடி. பொட்டலங்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒரு கிலோவுக்கு நாலு. மூணு கிலோவுக்கு மூணு நாலு. அதான் நாலால பெருக்கச் சொல்றாங்களா?"

ஆகவே, அடுத்த பதிப்பில் விதியை அச்சிடுவதற்கு முன் ஒரு தராசுக்கும் கொஞ்சம் சீனிக்கும் அரைப் பக்கம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அரைப் பக்கம் முடியாதென்றால் அரைக்கால் பக்கம்.

இப்படிக்கு,
தகா பின்னத்தில் வெல்லம் விற்பவன்

இணைப்பு: பொட்டலக் காகிதம் 12. சீனி விற்றுப்போய்விட்டது.