ஏழே ஸ்வரம் போதும்

கேள்வி: புதிதாக ஒரு மொழியை உருவாக்க ஆசை. குறைந்தது எத்தனை ஒலிகள் வேண்டும்?

பதில்: ஏழு போதும்! 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா சூத்ர் என்ற பிரெஞ்சு இசை ஆசிரியர், டோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்ற ஏழு ஸ்வரங்களை மட்டும் வைத்து 'சோல்ரேசோல்' மொழியைச் செய்தார். பேசலாம், பாடலாம், வயலினிலும் வாசிக்கலாம். (கடன் கேட்க வருகிறவர் வயலினோடு வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்!) சில சொற்களைத் திருப்பிப் போட்டால் பொருளும் தலைகீழ். 'டோமிசோல்' கடவுள்; 'சோல்மிடோ' சாத்தான். ஆரோகணத்தில் சாமி கும்பிட்ட பாகவதர், அவரோகணத்தில் இறங்கும்போது யாரை அழைக்கிறார் என்று யோசியுங்கள். நீங்கள் தாராளமாக ஆரம்பிக்கலாம். பதில் பேச மட்டும் ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், என்னைத் தவிர.