பிரம்ம முகூர்த்தத்தில் பேக்கப்

வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே பதவி சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். டிவி ரிமோட், சமையல், ஃபேன் வேகம் எதிலும் எனக்கு அதிகாரம் கிடையாது. இன்வெர்ட்டர் பக்கத்தில் படுத்திருக்கும் பழைய லேப்டாப்பில் மட்டும் நான்தான் ரூட். அதில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற சொந்த கிளவுட் மென்பொருள் ஓடுகிறது. குடும்பப் படங்கள், கேஸ் பில், மகளின் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள். மாதாமாதம் எந்தக் கம்பெனிக்கும் வாடகை கட்ட வேண்டாம் என்பது என் வாதம். "கரண்ட் பில்லை யார் கட்டுறா?" என்பது மனைவியின் வாதம்.

சொந்த சர்வர் என்றால் பேக்கப்பும் அப்டேட்டும் சொந்தப் பொறுப்பு. என் சோம்பலை நன்கு அறிந்தவன் என்பதால் அதை ஒரு ஷெல் ஸ்கிரிப்டின் தலையில் கட்டினேன். அதில் வரிசை முக்கியம். முதலில் நெக்ஸ்ட்கிளவுட் மெயின்டனன்ஸ் மோடுக்குப் போக வேண்டும். ஓடுகிற டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே காப்பி அடித்தால் அரைகுறையாக வரும். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் பிஜி டம்ப் கருவி மூலம் முறையாக இறக்க வேண்டும். பிறகு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடும். அதற்கப்புறம்தான் அப்டேட்டுக்காக டாக்கர் புது இமேஜை இறக்கலாம்.

இமேஜ் பெயரோடு 'லேட்டஸ்ட்' என்று போடும் துணிச்சல் எனக்கில்லை. நெக்ஸ்ட்கிளவுட் பெரிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏறும்; தாண்டிக் குதிக்க விடாது. போஸ்ட்கிரெஸ் பெரிய பதிப்பு மாறினால், பழைய டேட்டாவைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். ஆகவே சின்ன அப்டேட்டை ஸ்கிரிப்டே செய்துகொள்ளும். பெரியதற்கு என் அனுமதி வேண்டும். வீட்டில் என்னிடம் அனுமதி கேட்கும் ஒரே ஜீவன் அதுதான்.

இதை நேரத்துக்கு எழுப்பிவிடுவது கிரான். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று அதற்கு ஐந்து கட்டங்கள். ஐந்து என்றதுமே அம்மா அதைப் பஞ்சாங்கத்தில் சேர்த்துவிட்டார். "நடுராத்திரி மூணு மணிக்கு யாராவது நல்ல காரியம் பண்ணுவாங்களாடா? நாலரைக்கு வை, பிரம்ம முகூர்த்தம்." வைத்தேன். மார்கழி வந்தது. கோலப்பொடியோடு வாசலில் நின்ற மனைவி, சேமித்த கோலப் படத்தை போனில் தேடினால் மெயின்டனன்ஸ் மோட். "என்னங்க, உங்க டப்பா தியானத்துல இருக்கு. அதை எழுப்புறீங்களா, நீங்களே வந்து புள்ளி வைக்கிறீங்களா?" மறுநாளே பழையபடி மூன்று மணி.

தானியங்கி ஆக்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள். நான் மூன்று மணிக்கு எழுந்து, அது தானாக ஓடுகிறதா என்று லாக் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபைல்களை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், காணோம். டேட்டாபேஸ் 9.6, பிஜி டம்ப் 9.2, பொருந்தாமல் தோற்றிருக்கிறது. அந்தத் தோல்வியைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்கள் டிமார்க் சோதனையில் மாட்டி யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு ஓர் ஊழியர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காத்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், இன்வெர்ட்டர் பக்கத்து லேப்டாப் எம்மாத்திரம்?

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் ஆடிட்டர் உண்டு. மாதம் ஒருநாள் மனைவி ஏதாவது ஒரு படத்தைக் கேட்பாள்: "நம்ம கல்யாணத்துல எங்க சித்தி பச்சைப் புடவையில நிப்பாங்களே, அது." சர்வரைத் தொடாமல், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ரெஸ்டோர் செய்து நான் காட்ட வேண்டும். எது சித்தி, எது பெரியம்மா என்று எனக்குத் தெரியாதது மென்பொருளின் குறை அல்ல.

நீங்களும் ஸ்கிரிப்ட் எழுதுங்கள், கிரானை நம்புங்கள். ஆனால் மாதம் ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். எந்த ஃபைல் என்பதை மட்டும் நீங்கள் தேர்வு செய்யாதீர்கள். நமக்குச் சுலபமானதைத்தான் நாம் எடுப்போம்.