ஒரு நடை மிச்சம், எட்டு நடை ஆயுசு போச்சு

வாங்க மாப்ளே! ரெண்டு நடைச் செங்கல்லை ஒரே நடையில டிரைலர்ல ஏத்திட்டு வந்தீகளாமே! டீசல் மிச்சம், கூலி மிச்சம். இப்படி ஒரு கெட்டிக்காரரை இந்த ஊரு கண்டதில்ல.

ஆனா சேசிஸ்ல வெல்டிங் வச்ச இடம் உங்க நோட்டைப் பாக்காது. அது தனியா எழுதும். அங்க இழுவை ரெண்டு மடங்கானா ஆயுசு பாதியாகும்னு நெனைக்கீகளா? ரெண்டை மூணு தரம் வச்சுப் பெருக்குங்க. சுமாரா எட்டுல ஒரு பங்குதான் மிஞ்சும்! ரெண்டு நடை தேய்மானத்துல முடிய வேண்டியதுக்கு எட்டு நடை ஆயுசை மொய் எழுதிட்டு வந்திருக்கீக.

பிரஷ்யாவுல ஆகஸ்ட் வோலர்னு ஒரு ரயில்வே எஞ்சினியர், 1850, 60கள்லயே ரயில் அச்சைச் சுத்த விட்டுப் பாத்தாரு. ஒரே இழுப்புல அசையாத அச்சு, அதைவிடக் குறைஞ்ச பாரத்தைத் திரும்பத் திரும்பத் தாங்கி ஒடிஞ்சுது. 1945-ல மைனர்னு ஒரு அமெரிக்கர் கூட்டல் கணக்குச் சொன்னாரு. நம்மூரு மைனர் சொத்தை அழிப்பாரு. இவரு அழிஞ்சதை எழுதுனவரு. ஒவ்வொரு பாரமும் ஆயுசுல எத்தனை பங்கு தின்னுச்சுன்னு கூட்டிட்டே வரணும். கூட்டுத்தொகை ஒண்ணைத் தொட்டா சோலி முடிஞ்சுது.

அதையும் முழுசா நம்பிராதீக. ஒரே வார்ப்புல வந்த ரெண்டு துண்டுகூட ஒரே எண்ணிக்கையில ஒடியாது. துருவும் கீறலும் அந்தக் கூட்டல்ல வராது. 1988-ல ஹவாய்ல அலோஹா கம்பெனி விமானத்துக்கு நடுவானத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போச்சே, அது 89,680 தடவை பறந்த விமானம். ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் உடம்பு உப்பி வத்துனதோட, ஒட்டு விட்ட இடத்துல துருவும் சேந்துக்கிச்சு. அதனால கணக்கு பத்து வருசம்னு சொன்னா, மூணாம் வருசமே குனிஞ்சு பாக்கணும்.

நீங்க குனியவா போறீக? புது பெயிண்ட் அடிச்சு, முன்னால எலுமிச்சம்பழம் கட்டி, "ராசியான வண்டி"ம்பீக! மாப்ளே, சேத்தைக் கழுவிட்டு வெல்டிங் ஓரத்தைப் பாருங்க. பெயிண்டுக்குள்ள இருந்து மயிரிழை கணக்கா செந்துரு கசிஞ்சா அது விரிசல். அதும் மேலயே இன்னொரு வெல்டிங்கை அப்பாதீக. விரிசலை அடிவரைக்கும் கடைஞ்சு எடுத்துட்டு வைக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு செங்கல்கூட ஏத்தாதீக. அப்புறமும் ரெண்டு நடைச் சரக்கை ரெண்டு நடையாவே அடிங்க.