வரப்புவரை விதைத்தவர்கள்

கேள்வி: நிலமும் டிராக்டரும் நிறைய வைத்திருந்த அமெரிக்க விவசாயிகள் 1980-களில் திவாலானது ஏன்?

பதில்: அரசாங்கத்தின் பேச்சை நம்பியதால்! 1972-இல் சோவியத் யூனியன் அமெரிக்கத் தானியத்தை அள்ளி வாங்கியது, விலை எகிறியது. அமெரிக்க வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸ் வரப்புவரை விதைக்கச் சொன்னார். விவசாயிகள் இருந்த நிலத்தை அடகு வைத்துப் புதிய நிலம் வாங்கினார்கள். பிறகு, பணவீக்கத்தை அடக்க வட்டி ஏற்றப்பட்டது. 1980-இல் சோவியத்துக்குத் தானியம் விற்க அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தடை போட்டார். தானிய விலை சரிந்தது, நிலத்தின் மதிப்பும் விழுந்தது. மழை பொய்க்கும், விலை பொய்க்கும், வட்டி பொய்ப்பதில்லை! அயோவா மாநிலத்தில் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. 1985-இல் பாடகர் வில்லி நெல்சனும் நண்பர்களும் கச்சேரி நடத்தி விவசாயிகளுக்காக நிதி திரட்டினார்கள். விதைக்கச் சொல்லும் அரசு, விலை விழும்போதும் உழவன் பக்கம் நிற்க வேண்டும்.