வெயிலுக்கு மட்டும் கோபித்துக்கொள்ளும் வண்டி

ஹூஸ்டன்,
ஆகஸ்ட் கடைசி.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நேற்றிலிருந்து வண்டியும் நலம். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் "செல்ஃப் எடுக்குதா மாப்ளே?" என்று ஆரம்பித்து, மூன்றாவது கேள்வியிலேயே கோளாறைப் பிடித்துவிடுவீர்கள். நான் பட்ட பாட்டை அப்புறம் யாரிடம் சொல்வது? அதனால்தான் கடிதம்.

வண்டி 1994 மாடல் ஜப்பான் கார். டெக்சாஸில் 25 வயதான வண்டிக்குப் பழம்பொருள் என்று தனி நம்பர் பிளேட்டே வாங்கலாம்; புகைச் சோதனையும் கிடையாது. என் வயதுக்காரனுக்கு முழுப் பென்ஷன் வேண்டுமென்றால் 67 ஆக வேண்டும். இந்த நாட்டில் வண்டியாகப் பிறந்திருக்கலாம்.

காலையில் சாவியைத் திருப்பினால் மறுபேச்சு இல்லாமல் எடுக்கும். மத்தியானம் கடைக்குப் போய்க் காய்கறி, பால் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் செல்ஃப் மட்டும் நன்றாகச் சுற்றும், எஞ்சின் எடுக்காது. பால் கெடலாமா என்று யோசிக்கும்வரை உட்கார வைத்துவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். தினமும் மக்கர் பண்ணினால்கூடப் பழகிக்கொள்ளலாம். இது நாலு நாள் ஒழுங்காக ஓடி, நம்மை நம்ப வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் காலை வாரும். பஸ் என்பதே கண்ணில் படாத பேட்டையில் குடியிருக்கிறோம், மாமா. வண்டி நின்றால் பிழைப்பும் நின்றது.

ஒருநாள் டோ வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, ஜிலுஜிலுவென்று காற்று வாங்கியபடி அது ஊர்கோலம் வந்தது. பட்டறை நிழலில் இறக்கி மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் உடனே எடுத்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோளாறு எதுவும் காணவில்லை என்று பில்லில் எழுதி, காணாததற்கு 100 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு பட்டறையில் ஒரு பையன் ஸ்கேனரும் கையுமாக வந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் தடவித் தடவிப் பார்த்தான். அதைச் சொருகும் சாக்கெட்டை அமெரிக்காவில் கட்டாயமாக்கியது 1996 மாடலிலிருந்து. நம் வண்டி அதற்கும் மூத்தது, அந்தப் பையனுக்கும் மூத்தது. சொருக இடமில்லை என்றதும் பேட்டரியை மாற்றச் சொன்னான். செல்ஃப் அத்தனை வேகமாகச் சுற்றும்போது பேட்டரி என்ன பாவம் செய்தது?

உச்சக்கட்டம் பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில். உச்சி வெயில். பூஜை போட வந்த புது வண்டிகளெல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒய்யாரமாகக் கிளம்ப, நம்முடையது அசையவில்லை. நம்மவர்கள் கூடிவிட்டார்கள், எல்லோரும் சாஃப்ட்வேர். ஒருவர் நிஜமாகவே "ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார். நாலு பேர் தள்ளத் தயாரானார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளினால் பிரசாதப் புளியோதரை ஜீரணமாகுமே தவிர, எஞ்சின் எடுக்காது.

கடைசியில் துப்புக் கொடுத்தது என் மனைவிதான். ஆடிட் வேலை பார்க்கிறவள் அல்லவா, "காலையில ஒருநாளாவது நின்னிருக்கா? ராத்திரியில? வெயில்ல மூடிப்போட்டாத்தானே இந்தக் கூத்து?" என்றாள். எது கெட்டது என்று நாங்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தோம். எப்போது கெடுகிறது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அடுத்தமுறை நின்றபோது செல்ஃபைத் தொடவில்லை. சாவியைப் பாதிவரை திருப்பிக் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த நிலையில் பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'உய்ங்' என்று ஓடி நிற்க வேண்டும். காலையில் அந்தச் சத்தம் கேட்டிருந்தேன். இப்போது மௌனம். பம்புக்குக் கரண்ட் கொடுப்பது மெயின் ரிலே, டேஷ்போர்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி. மூடிய காருக்குள் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மகன் சாப்பாட்டுப் பையில் வைக்கும் ஐஸ் பொட்டலத்தை எடுத்துத் துணியில் சுற்றி அந்தப் பெட்டிமேல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். சாவியைத் திருப்பினேன். 'உய்ங்!' அடுத்த நொடி எஞ்சின் எடுத்தது. கல்யாண வீட்டு நாயனம்கூட அத்தனை இனிமையாக எனக்குக் கேட்டதில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, ரிலேயின் மூடியைப் பிரித்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால், சர்க்யூட் தட்டில் ஒரு கம்பிக்காலைச் சுற்றி ஈயப்பொட்டில் முடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். முப்பது வருஷம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, குலுங்கிக் குலுங்கி விட்டுப்போயிருக்கிறது. சூடேறினால் இடைவெளி திறக்கும், பம்புக்குக் கரண்ட் போகாது. ஆறினால் ஒட்டிக்கொள்ளும். புது ரிலே போட்டிருக்கலாம். நாமக்கல்லில் உங்கள் பட்டறையில் பள்ளிக்கூட லீவெல்லாம் லாரி ஒயரிங்குக்கு ஈயம் பற்றவைத்தவன், கை சும்மா இருக்குமா? பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். நேற்று மத்தியானம் இரண்டு மணி வெயிலில் வேண்டுமென்றே கண்ணாடியை ஏற்றி நிறுத்திவைத்தேன். ஒரே செல்ஃபில் எடுத்தது.

ஒரு வேண்டுகோள், மாமா. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்ட வேண்டாம். படித்த கையோடு தன் பழைய மாருதி 800-இன் டேஷ்போர்டைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார். அது கார்புரேட்டர் வண்டி. அதன் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே ஓடுவது, கரண்டே வேண்டாம். மீறிப் பிரித்துவிட்டால் மாட்டித் தருவது உங்கள் பொறுப்பு.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்