80 சதவீதக்காரர்

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே சிவகாசிச் சாலைகளில் வெளியூர் வேன்கள் நிற்கத் தொடங்கிவிடும். இறங்குகிறவர் கையில் மடித்த விலைப்பட்டியலும் சட்டைப் பையில் பேனாவும் இருந்தால் அவர்தான் 80 சதவீதக்காரர். மலிவுக்காக வருகிறார் என்று ஊர் நினைக்கிறது. எனக்கென்னவோ அவர் சதவீதத்துக்காகவே வருகிறார் என்று படுகிறது. பெட்டியில் அச்சிட்ட விலை 500, கடைக்காரர் கேட்பது 100 என்றால் முகம் மலர்கிறது. அதே பெட்டியில் தள்ளுபடிப் பேச்சே இல்லாமல் ‘நெட் ரேட் 95’ என்று எழுதி வைத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவார். தள்ளுபடி 80-க்குக் கீழே இறங்கினால் அவமானம், 90-ஐத் தாண்டினால் சந்தேகம். கழிப்பதற்கென்றே ஏற்றிய விலைதானே, ஏமாளியா இவர் என்று கேட்கலாம். ஏமாளியெல்லாம் இல்லை. நாலு கடைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் வரவழைத்து, கம்பி மத்தாப்பு முதல் பாம்பு மாத்திரை வரை கணக்குப் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறார். ஆனால் தெருவில் போய், “நூறு ரூபாய்க்கு வாங்கினேன்” என்று சொல்வதில் என்ன வீரம் இருக்கிறது?

அப்படியானால் வீட்டிலிருந்தே வாங்கலாமே? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணையப் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது. வலைத்தளங்கள் அசரவில்லை, ஆர்டரை ‘விசாரணை’ என்று பெயர் மாற்றி, மிச்சத்தைப் போனில் பேசிக்கொள்கின்றன. இருந்தும் இவர் நேரில் வருவது காலித் தட்டுக்காக. அதே தீர்ப்பு சரவெடியையும் தடை செய்ததால், பத்தாயிரம் வாலா உட்கார்ந்திருந்த தட்டு வெறிச்சோடிக் கிடக்கிறது. புஸ்வாணமும் சங்குசக்கரமும் குவிந்த தட்டுகளைக் கடந்து அங்கே போய் நிற்பார். “அண்ணாச்சி, உள்ளே இருக்கும்ல?” இல்லை என்ற பதிலை அவர் நம்புவதே இல்லை. எல்லாருக்கும் கிடைப்பதை வாங்கிப் போனால் தெரு மதிக்குமா? சதவீதத்தைப் போலவே இதுவும் தெருவுக்குத்தான்.

இனி வெடிக்கும் பாடு. தமிழகத்தில் தீபாவளியன்று அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 22-ஐ அரசு கழித்துவிட்டது. கிட்டத்தட்ட 92 சதவீதத் தள்ளுபடி. இந்தக் கணக்கை மட்டும் அவர் தெருவில் சொல்வதில்லை.