ஐந்து கம்பிக்கு ஏசி அறை

லைட் மியூசிக் ட்ரூப்பில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்று இன்று சொன்னால் பிள்ளைகள் மரியாதையாக நிமிர்ந்து பார்க்கிறார்கள். 1980-களில் சொன்னபோது, "அதுல நீங்க எது?" என்று கேட்டார்கள். லீட் கிட்டார்காரனை எல்லோருக்கும் தெரியும், காதை மறைத்து முடி வளர்த்திருப்பான். ட்ரம்ஸ்காரனைத் தெரியாமல் இருக்க முடியாது. ஓரத்தில் நீளக் கழுத்து கிட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தலையை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு ஒருவன் நிற்பானே, அவன் எதற்கு என்பதுதான் கல்யாண வீட்டுக்காரருக்குப் புரியாது. பணம் பட்டுவாடா செய்யும்போது, "இந்தத் தம்பியும் வாசிச்சாரா?" என்று பெண்ணின் தகப்பனார் ஒருவர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. திருவிழாவில் வேப்பமரக் கிளையில் கட்டிய ஹாரன் ஸ்பீக்கரோ இருநூறு, முன்னூறுக்குக் கீழே வருவதைச் சட்டையே செய்யாது. காணாமல்போன குழந்தை மேடைக்கருகே அழுதுகொண்டிருக்கும் செய்தியை அடுத்த ஊருக்குச் சேர்ப்பதற்கென்று பிறந்தது அது. ஆகவே நான் வாசித்ததை முழுதாகக் கேட்டவர்கள் இரண்டு பேர்: நான், என் ஆம்ப்ளிஃபயர் மேல் தலைவைத்துத் தூங்கிய வேன் டிரைவர். அதிர்வு அவருக்குச் சுகமாக இருந்ததாம். என் வாழ்நாளில் கிடைத்த முதல் விமர்சனம் அது.

அதற்காகப் பாடுபடாமல் இருந்தோமா என்றால், இல்லை. 'மூடுபனி', 'நிழல்கள்' என்று 1980-இல் வந்த படங்களில் இளையராஜா பேஸ் கிட்டாருக்கென்று தனியாக ஒரு மெட்டையே ஓடவிட்டிருந்தார். பாடகர் ஒரு வழியில் போக, அடியில் இது வேறு வழியில் போய், சரணம் முடியும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அவருக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்த வாசிப்பைக் கேசட்டிலிருந்து 'எடுப்பது' எங்கள் வேலை. டூ-இன்-ஒன்னின் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, ரீவைண்ட் பொத்தான் தேயும் வரைக்கும் கேட்டு, கேட்டதில் பாதியையும் கேட்காததில் பாதியையும் கலந்து ஒன்றை உருவாக்குவோம். கேசட் அட்டையில் பாடியவர், எழுதியவர், தயாரிப்பாளர் எல்லோரும் இருப்பார்கள். சசிதரன் இருக்கமாட்டார்.

இது நம் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். டெட்ராய்ட்டிலும் அதே கதைதான் என்று பின்னால் தெரிந்தது. மோடவுன் நிறுவனத்தின் 1960-களின் வெற்றிப் பாடல்களில் பெரும்பகுதிக்கு அடித்தளம் போட்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1971-இல் மார்வின் கே தன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில் போடும்வரை அவர் பெயர் உறைகளில் ஏறவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். கையில் இருந்ததோ கடையில் வாங்கிய 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன், தொழிற்சாலையில் வரிசையில் வந்த சரக்கு. லியோ ஃபெண்டர் 1951-இல் அதைச் செய்ததே, ஆளுயர டபுள் பேஸை வண்டியில் ஏற்றமுடியாமல் அவதிப்பட்டவர்களுக்காகத்தான். ஒரு பலகை, அதில் திருகாணியால் முடுக்கிய ஒரு கழுத்து. அழகு பார்க்க யாரும் அதை வாங்கவில்லை.

என் பலகைக்கு வருகிறேன். என் பலகை என்பதே தவறு, அது ட்ரூப் ஓனருடையது. உள்நாட்டில் செய்தது. கழுத்து வில்லாக வளைந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பென்சில் தாராளமாகப் போய்வரும். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் ஓனரின் மனைவி நகப்பூச்சு தடவியிருந்தார். நிறம் ஏறக்குறைய பொருந்தியது. என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லை, மரம்தானா என்பதே சந்தேகம். புதுக் கம்பி வேண்டுமானால் சிங்கப்பூரிலிருந்து யாராவது வரவேண்டும். அதுவரை பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அழுக்கு எடுத்து, துடைத்து, திரும்ப மாட்டுவோம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறைக்கூட்டாளி ரசம் வைக்கும் பாத்திரம் அதற்கு வாகாக இருந்தது. கம்பிக்கு ஒரு வாரம் நாதம் திரும்பும். ரசத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அவர் பெருந்தன்மையாகக் கேட்டதில்லை. மழையில் நனைந்த ரெக்ஸின் உறையோடு பல்லவன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார். ஓனர் எனக்குக் கொடுக்கும் பேட்டாவில் அதுவும் அடக்கம்.

இன்று என்னிடம் இருப்பது கையால் செய்த ஐந்து கம்பி பேஸ். செய்தவர் பெங்களூரில் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன், ஏற்கெனவே அவரிடம் வரிசை நீளம். பணி ஓய்வுத் தொகை வந்த மாதம் அவரிடம் போனேன். வீட்டில் சொன்னது 'சின்ன கிட்டார் ரிப்பேர்'.

அவர் கேட்ட கேள்விகளுக்கு பேங்க் வேலைக்கான நேர்காணலே தேவலாம். உடல் என்ன மரம், மேல்தட்டு என்ன மரம், கழுத்து எத்தனை பட்டை, திருகிப் பூட்டுவதா அல்லது கழுத்து மரமே உடலின் அடிவரை ஓடுவதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. தஞ்சாவூரில் ஒரே பலா மரத்தில் குடம், தண்டி, யாளி எல்லாவற்றையும் குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. துண்டு துண்டாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்குத்தான் மதிப்பு. "ஏகாந்தமா ஓடட்டும் சார்" என்றேன். அவர் கன்னடக்காரர், ஆனாலும் புரிந்தது.

விரல் பலகைக்கு ஈட்டி மரம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். உலகத்தில் கிட்டார் செய்கிறவர்கள் பெருமையாக விளம்பரப்படுத்தும் 'ஈஸ்ட் இந்தியன் ரோஸ்வுட்' வேறொன்றும் இல்லை, கூடலூர் பக்கமும் வயநாட்டிலும் நிற்கிற நம் ஈட்டிதான்; தோதகத்தி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 1994-இல் சட்டமே போட்டார்கள். 2017 தொடக்கத்தில் அந்த மரக் குடும்பம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. அதன்பின் கொஞ்ச காலம் ஈட்டி ஒட்டிய கிட்டார் ஒன்றை நாடு விட்டு நாடு விற்பதற்கு மனிதனுக்கு விசா எடுப்பதைவிட அதிகம் காகிதம் வேண்டியிருந்தது. 2019 கடைசியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. பெங்களூர்க்காரர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் கட்டில் சட்டங்களை வாங்கி வைத்திருந்தார். எந்தத் தாத்தா படுத்து எழுந்த கட்டிலோ, அதன் மேல் இப்போது என் விரல்கள் ஓடுகின்றன. அன்று ஓசியில் கிடைத்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு ஈட்டிக் கட்டிலை விறகுக்குப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கழுத்துக்கு 'ரோஸ்டட் மேப்பிள்'. காற்றோட்டம் அடைத்த சூளையில் மரத்தைப் பதமாக வறுத்து, ஈரத்தைப் போக்கி, இனி எந்தப் பருவத்திலும் வளையாதபடி செய்வது. அதற்குத் தனிக் கட்டணம். ட்ரூப் வேனின் கூரையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மே மாத வெயிலில் எங்கள் கிட்டாரை ஒவ்வொரு வருஷமும் இலவசமாக வறுத்தோம். அது வளைந்தது. பதம் தெரியவில்லை போல.

எடையைக் குறைக்க உடலின் உள்ளே அறை அறையாகக் குடைந்தார். மரம் குறையக் குறைய விலை ஏறியது. பளபளப்பா, மேட்டா, அல்லது 'பழைய தோற்றமா' என்று கேட்டார். கடைசியில் சொன்னது கேலி இல்லை. புது வாத்தியத்தைக் கீறி, பெயின்ட்டை உதிர்த்து, முழங்கை படும் இடத்தைத் தேய்த்து, நாற்பது வருஷம் உழைத்தது போல் ஆக்கித் தருவார்கள். 1990-களில் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் தொடங்கிவைத்த பழக்கம் இது. கீறல் கூடக்கூடக் காசும் கூடும். நகப்பூச்சு உண்டா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தபின் வாத்தியம் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அற்புதமாக இருக்கிறது. பேஸ் கிட்டார்களுக்கென்று ஒரு சாபம் உண்டு. மெல்லிய கம்பியில் ஐந்தாம், ஆறாம் கட்டைப் பக்கம் ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் பிறந்த உடனே செத்துப்போகும். கழுத்து தானே அந்த அதிர்வில் ஆடி, கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்வதால் வருவது. எங்கள் ட்ரூப் கிட்டாரில் அப்படிப் பாதி ஸ்வரங்கள் நடைப்பிணம். அவற்றைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியதில்தான் எனக்கென்று ஒரு பாணி உருவானது என்று ஓனர் நம்பினார். இதிலோ கழுத்துக்குள் கார்பன் கம்பிகள் ஓடுகின்றன, எல்லா ஸ்வரமும் சமமாக நின்று பேசுகிறது. ஐந்தாவது கம்பி நொடிக்கு 31 அதிர்வு. காதுக்கு வருமுன் தொடைக்கு வருகிறது. கெட்டது ஒன்றே ஒன்றுதான். அபஸ்வரம் வந்தால் பழிபோட ஆள் இல்லை.

கையால் செய்த பேஸுக்கு ஒரு நியாயம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அலெம்பிக் கடைக்காரர்கள் மரத்தை இழைத்து, உள்ளே மின்சுற்று வைத்து பேஸ் செய்தபோது, மேடையில் கேட்காத நாதத்தைத் தேடினார்கள். நியூயார்க்கில் ஸ்டூடியோ வாசிப்பாளர் ஆந்தனி ஜாக்சன், இன்னும் கீழே போகவேண்டும், மேலேயும் போகவேண்டும் என்று கார்ல் தாம்ப்சனிடம் ஆறு கம்பி பேஸ் ஒன்றைக் கேட்டு, 1975-இல் வாங்கினார். அது அவர் மனசுக்குள் இருந்து விரலுக்கு எட்டாத ஸ்வரங்களுக்காக. ஜாகோ பஸ்டோரியஸ் பழைய ஜாஸ் பேஸ் ஒன்றின் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியை அதன்மேல் பூசினார். கஸ்டம் என்றால் எனக்கு அதுதான் கஸ்டம். 1983-இல் புரூக்ளினில் தொடங்கிய ஃபொடேராவில் இன்று ஆர்டர் கொடுத்தால் விலை சாதாரணமாகப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும். வாங்குகிறவர்களில் வாசிப்பதற்கு வாங்குபவர் எத்தனை பேர் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஏனென்றால் எங்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு. கையால் செய்த பேஸ் வைத்திருக்கும் சிலர் யாராவது ஒருவர் வீட்டில் சேருவோம். ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், இரண்டு ஐ.டி. காரர்கள், நான். ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம்தான். நிறம், உயரம், பூர்வீகம் எல்லாம் விசாரித்து, டிபன் முடித்து, கிளம்பும் நேரத்தில் யாராவது ஞாபகம் வந்து, "ஏதாவது ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்களேன்" என்பார்கள். வால்நட் மேல்தட்டின் ரேகையைப் பற்றி ஆடிட்டர் முக்கால் மணி நேரம் பேசுவார். அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. வால்நட் தொனியை மாற்றுமா என்று டாக்டரும் அவரும் போட்ட சண்டையில், கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்துவிடலாமே என்றேன். இருவரும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள்.

வீட்டில் அதற்கு ஒரு அறை. ஈரப்பதம் காட்டும் முள், ஏசி. என் மனைவிக்குப் புழுக்கம் என்றால் அங்கே போய் உட்காருகிறாள்.

போன மாதம் உறவில் ஒரு ரிசப்ஷன். மேடைக்கு இருபுறமும் ஆளுயரத்துக்கு அடுக்கிய பதினெட்டு அங்குல சப்வூஃபர்கள். பேஸ் வந்தபோது பந்தியில் பாயசம் நடுங்கியது. 41 என்ன, 31 அதிர்வும் கடைசி வரிசைத் தாத்தாவின் நெஞ்சுக்குப் போய்ச் சேருகிறது. நாங்கள் வாசித்த காலத்தில் இப்படி ஒரு ஸ்பீக்கர் கிடைத்திருந்தால்! மேடையில் பேஸ் கிட்டார்காரனைத் தேடினேன், இல்லை. கீபோர்ட் பையனின் லேப்டாப்பில் இருந்து வந்தது.

அந்தப் பையன் எனக்கு அக்கா பேரன் முறை. சாப்பிட்டு முடித்து என்னைத் தேடி வந்தான்.

"தாத்தா, உங்க பேஸ் ஒரு நாள் வேணும். ஆல்பம் பாட்டு ஒண்ணு ஷூட் பண்றோம்."

"நான் வந்து வாசிக்கிறேன்டா. எந்த சுருதி?"

"ஐயோ, வாசிக்கெல்லாம் வேணாம். ட்ராக் ரெடி. ஒரு மாடல் பையன் மாட்டிட்டு நிப்பான். அந்த மரம் கேமராவுல சூப்பரா விழும்."

வாத்தியம் தனியாக வராது, கூட நானும் வருவேன், போக வர கார், அதற்கென்று தனி பேட்டா என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்றான். சொன்ன தொகை, அந்தக் காலத்தில் ஒரு சீசன் முழுவதும் வாசித்து நான் வாங்கியதைவிட அதிகம். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் போன் வந்தது: நகம் பட்டுக் கீறல் விழாமல் இருக்க, அந்த மாடல் பையன் கையுறை போட்டுக்கொள்ள வேண்டுமா?